மன்னிக்கும் உரிமை யாருடையது? ஸ்ரெப்ரெனிட்சா தரும் படிப்பினை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன்.

மன்னிப்பின் சிறப்பைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மன்னிப்பவரை அல்லாஹ் நேசிக்கிறான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை: யார், யாரை, யாருக்காக மன்னிப்பது? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசிவிட்டார் என்றால் பதில் எளிது. ஓர் ஊரின் ஆண்களை எல்லாம் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றவர்களைப் பற்றியும் அதே பதிலைச் சொல்ல முடியுமா? "பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள், மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று அந்த ஊரின் தாய்மார்களிடம் நாம் சொல்லலாமா? மார்க்கம் இதற்கு என்ன வழி காட்டுகிறது என்பதைத்தான் இந்த ஜும்ஆவில் பார்க்க இருக்கிறோம்.

ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது என்ன?

போஸ்னியாவின் கிழக்கில், மலைகளுக்கு நடுவே உள்ள சிறிய ஊர் ஸ்ரெப்ரெனிட்சா. 1992இல் போர் தொடங்கியபோது சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அதைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. காவலுக்கு ஐ.நா.வின் டச்சுப் படையினர் இருந்தார்கள்.

1995 ஜூலை 11 அன்று ராத்கோ ம்லாடிச்சின் தலைமையில் போஸ்னிய செர்பியப் படை ஊரைக் கைப்பற்றியது. பொட்டொச்சாரி என்ற இடத்தில் டச்சுப் படையின் முகாமைத் தேடி ஓடிய மக்களிடமிருந்து ஆண்களையும் சிறுவர்களையும் தனியாகப் பிரித்தார்கள். பெண்களையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். காட்டு வழியாகத் துஸ்லா நகரை நோக்கி நடந்து தப்ப முயன்ற ஆண்கள் பலரையும் வழியில் பிடித்தார்கள். சில நாட்களுக்குள் 8,000க்கும் அதிகமான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. சில வாரங்கள் கழித்து, குற்றத்தை மறைப்பதற்காக அந்தக் கூட்டுப் புதைகுழிகளை இயந்திரங்களைக் கொண்டு தோண்டி, உடல்களை வேறு இடங்களுக்கு அள்ளிச் சென்று புதைத்தார்கள். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன. டி.என்.ஏ. சோதனை மூலம் அடையாளம் கண்டு, ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று பொட்டொச்சாரியில் ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்கிறார்கள். மகனின் ஓரிரு எலும்புகளை மட்டுமே கபனிட்டு அடக்கிய தாய்மார்கள் அங்கே உண்டு. பிறகு இன்னும் சில எலும்புகள் கிடைத்து, அதே கப்ரை மீண்டும் திறந்தவர்களும் உண்டு. சுமார் ஆயிரம் பேர் இன்னும் கிடைக்கவில்லை.

இது இனப்படுகொலைதான் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2007இல் சர்வதேச நீதிமன்றமும் அதையே சொன்னது. ம்லாடிச்சுக்கு 2017இல் விதித்த ஆயுள் தண்டனை 2021இல் உறுதியானது. அரசியல் தலைவராக இருந்த ரதோவான் கராட்ஜிச்சுக்கும் 2019இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்த மண்ணில் இதை மறுப்பவர்களும், கொலைகாரர்களை வீரர்கள் என்று கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். இந்தத் தாய்மார்களுக்கு முன்னால் நின்று 'மன்னித்துவிடுங்கள்' என்று சொல்ல நாம் யார்?

மன்னிப்பு வாரிசின் கையில்

சூரத்துல் இஸ்ராவின் 33ஆவது வசனத்தைப் பாருங்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு அல்லாஹ் ஓர் அதிகாரத்தை வழங்கியிருப்பதாகக் கூறுகிறான். சூரத்துல் பகராவின் 178ஆவது வசனம் கிஸாஸைக் கடமையாக்கிவிட்டு, வாரிசு மன்னித்தால் அதை நல்ல முறையில் பின்பற்ற வேண்டும் என்றும், அது நம் இரட்சகனிடமிருந்து கிடைத்த சலுகையும் அருளும் ஆகும் என்றும் கூறுகிறது. இரண்டு வசனங்களிலும் முடிவு வாரிசின் கையில் இருக்கிறது. வாரிசு இருக்கும்போது அவருடைய உரிமையை ஆட்சியாளர் தன் விருப்பப்படி தள்ளுபடி செய்ய முடியாது என்று ஃபிக்ஹு சட்ட அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஆட்சியாளருக்கே இல்லாத உரிமை, தொலைவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எங்கிருந்து வரும்?

மக்கா வெற்றியைச் சிலர் இதற்கு எதிரான ஆதாரமாகச் சொல்வார்கள். ஹிஜ்ரி 8இல் நபி (ஸல்) அவர்கள் தம்மை ஊரை விட்டு விரட்டிய குறைஷிகளுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு மறுநாள் நடந்ததையும் சேர்த்துப் படியுங்கள். குஸாஆ கோத்திரத்தார் ஒரு பழைய கொலைக்குப் பழியாக ஹுதைல் கோத்திரத்து மனிதர் ஒருவரைக் கொன்றுவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்று உரையாற்றினார்கள். மக்காவின் புனிதத்தை நினைவூட்டினார்கள். கொல்லப்பட்டவருக்கான தியத்தைத் தாமே கொடுப்பதாகச் சொன்னார்கள். இனிமேல் யாருடைய உறவினராவது கொல்லப்பட்டால், நஷ்டஈடு பெறுவதா, கிஸாஸ் கேட்பதா என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பம் என்றும் அறிவித்தார்கள்.

கவனியுங்கள். பொது மன்னிப்பின் ஈரம் காய்வதற்குள், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குரிய உரிமையை நபியவர்கள் தெளிவாக அறிவிக்கிறார்கள். ஒரு தலைவரின் பெருந்தன்மை, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் உரிமையை விழுங்கிவிடக் கூடாது.

இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இதில் இன்னும் நுட்பமான ஒரு விளக்கம் தருகிறார்கள். ஒரு கொலையில் மூன்று உரிமைகள் உள்ளன: அல்லாஹ்வின் உரிமை, வாரிசின் உரிமை, கொல்லப்பட்டவரின் உரிமை. கொலைகாரன் உண்மையாகத் தவ்பா செய்தால் அல்லாஹ்வின் உரிமை தீரும். கிஸாஸாலோ மன்னிப்பாலோ வாரிசின் உரிமை தீரும். கொல்லப்பட்டவரின் உரிமை மறுமை வரை நிற்கும். உண்மையாகத் தவ்பா செய்தவனுக்காக அல்லாஹ்வே அவரைத் திருப்திப்படுத்துவான். மறுமையில் மனிதர்களுக்கிடையே முதலில் தீர்ப்பளிக்கப்படுவது இரத்தத்தைப் பற்றித்தான் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். காட்டில் சுடப்பட்ட அந்தச் சிறுவனுக்காக அவனுடைய தாய்கூட முழுமையாக மன்னித்துவிட முடியாது. தன் பங்கை மட்டுமே அவர் விட்டுக்கொடுக்க முடியும்.

முதலில் உண்மை, பிறகுதான் மன்னிப்பு

குர்ஆனில் மன்னிப்புக்கு மிக அழகான முன்மாதிரி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு. கிணற்றில் தள்ளிய சகோதரர்களிடம், இன்று உங்கள் மீது எந்தப் பழியும் இல்லை என்ற கருத்தில் அவர்கள் பேசியதை எல்லா மேடைகளிலும் கேட்கிறோம். அது 92ஆவது வசனம். அதற்கு முந்தைய மூன்று வசனங்களை யாரும் சொல்வதில்லை.

89ஆவது வசனத்தில் யூசுஃப் (அலை) அவர்கள், யூசுஃபுக்கும் அவர் தம்பிக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரியுமா என்று கேட்கிறார்கள். குற்றம் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. 90இல் சகோதரர்கள் அவரை அடையாளம் காண்கிறார்கள். 91இல் தாங்கள் தவறு செய்தவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 92. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி, குற்றத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்பே மன்னிப்பைக் கேட்பது யூசுஃப் (அலை) அவர்களின் வழிமுறை ஆகாது.

போஸ்னியாவிலிருந்தே இரண்டு மனிதர்களை எடுத்துக்கொள்வோம்.

த்ராஜென் எர்தெமோவிச் என்ற இளம் சிப்பாய், 1995 ஜூலை 16 அன்று ப்ரான்யெவோ பண்ணையில் சுட்டவர்களில் ஒருவன். முதலில் மறுத்ததாகவும், மறுத்தால் உன்னையும் அவர்களோடு நிறுத்திச் சுடுவோம் என்று மிரட்டப்பட்டதாகவும் சொன்னான். அவன் மீது குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே செய்தியாளர்களிடம் தானாகப் போய் நடந்ததைச் சொன்னான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டான். பெரிய தலைவர்களுக்கு எதிராகவும் சாட்சி சொன்னான். அவனுக்கு முதலில் 10 ஆண்டுகளும், 1998இல் மறு தீர்ப்பில் 5 ஆண்டுகளும் தண்டனை கிடைத்தது. 5 ஆண்டுகள் போதுமா என்று அந்தத் தாய்மார்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் மகன் எங்கே, எப்படிக் கொல்லப்பட்டான் என்ற உண்மையின் ஒரு பகுதி அந்த வாக்குமூலத்தால் வெளியே வந்தது.

மற்றொருவர் பில்யானா ப்லாவ்ஷிச். போஸ்னிய செர்பியர்களின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், பிறகு அவர்களின் அதிபராகவும் இருந்தவர். 2002இல் மனித குலத்துக்கு எதிரான ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் வருத்தமும் தெரிவித்தார். இனப்படுகொலைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தண்டனை 11 ஆண்டுகள். அவருடைய வருத்தத்தை உலகம் பாராட்டியது. 2009இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், தான் ஒப்புக்கொண்டது மற்ற குற்றச்சாட்டுகளைத் தவிர்ப்பதற்காகத்தான் என்ற கருத்தில் பேசினார். அதே ஆண்டு விடுதலையும் ஆனார்.

மனிதர்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் தவ்பாவுக்கு நான்கு நிபந்தனைகளை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எழுதியிருக்கிறார்கள். பாவத்தை விட்டு விலகுவது, அதற்காக வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது, உரியவரின் உரிமையைத் திருப்பிக் கொடுப்பது. இறந்தவரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் உண்மையைக் கொடுக்கலாம். புதைத்த இடத்தைக் காட்டலாம். மறுப்பதை நிறுத்தலாம். இதில் எதையும் செய்யாமல் மன்னிப்பை மட்டும் எதிர்பார்ப்பவன், திருடிய பொருளை மடியில் வைத்துக்கொண்டு பொருத்தம் கேட்பவனைப் போன்றவன்.

மன்னித்தால் மறந்துவிட வேண்டுமா?

உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டி எறிந்து கொன்றவர் வஹ்ஷி. அவர்களுடைய உடல் போர்க்களத்தில் சிதைக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, தாயிஃபிலிருந்து வந்த தூதுக்குழுவுடன் வஹ்ஷி நபியவர்களின் முன் வந்து நின்றார். நீர்தான் வஹ்ஷியா, ஹம்ஸாவைக் கொன்றவர் நீர்தானா என்று நபியவர்கள் கேட்டார்கள். தாங்கள் கேள்விப்பட்டது உண்மைதான் என்றார் அவர். இஸ்லாத்தை ஏற்று வந்த அவரை நபியவர்கள் தண்டிக்கவில்லை. ஆனால், உம்முடைய முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். புகாரியில் வஹ்ஷி (ரலி) அவர்களே இதை அறிவிக்கிறார்கள்.

அகிலத்தாருக்கெல்லாம் அருட்கொடையாக அனுப்பப்பட்ட நபியின் வாழ்வில் நடந்தது இது. மன்னித்த பிறகும் அந்த முகத்தைப் பார்ப்பது அவர்களுக்கு வேதனையாக இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. அது அவர்களின் மன்னிப்பைக் குறைக்கவும் இல்லை. மன்னித்தேன் என்று சொல்லும் ஒரு விதவை, கொலைகாரனோடு ஒரே மேடையில் கைகுலுக்க மறுத்தால், 'இது என்ன மன்னிப்பு?' என்று கேட்காதீர்கள். மன்னிப்பவர் தண்டனையை விட்டுக்கொடுக்கிறார். நினைவை விட்டுக்கொடுக்கும்படி மார்க்கம் அவரிடம் கேட்கவில்லை.

மன்னிக்காதவர் பாவியா?

இல்லை. சூரத்துஷ் ஷூராவின் 40 முதல் 43 வரையுள்ள வசனங்களைப் பொருளுடன் ஓதிப் பாருங்கள். தீமைக்கு அதற்கு ஈடான அளவே பதில் என்று அல்லாஹ் கூறுகிறான். மன்னித்துச் சமாதானம் செய்பவருக்கான கூலி தன்னிடம் இருப்பதாகக் கூறுகிறான். உடனே அடுத்த வசனத்தில், அநீதி இழைக்கப்பட்ட பின் தன் உரிமையைக் கேட்பவர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்கிறான். குற்றம் யார் மீது என்றால், மனிதர்களுக்கு அநியாயம் செய்து பூமியில் அக்கிரமம் செய்பவர்கள் மீதுதான். கடைசியில் பொறுமையையும் மன்னிப்பையும் உறுதி மிக்க காரியம் என்று புகழ்கிறான்.

மன்னிப்பு உயர்ந்த படித்தரம். நீதி கேட்பது ஆகுமான உரிமை. உயர்ந்த படித்தரத்துக்கு ஒருவர் தாமாக ஏற வேண்டும். பின்னால் நின்று தள்ளி ஏற்றக் கூடாது. 'மன்னிக்காவிட்டால் உனக்கு ஈமான் குறைவு' என்று ஒரு தாயிடம் சொல்வது, அவர் இழந்தவற்றோடு அவருடைய மார்க்கத்தையும் பறிப்பதற்குச் சமம்.

நீதிக்கும் ஓர் எல்லை உண்டு

வாரிசுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்ன அதே இஸ்ரா 33ஆவது வசனம், அவர் வரம்பு மீறக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. கொலைகாரனுக்குப் பதில் அவனுடைய தம்பியை, அவனுடைய இனத்தானை, அவனுடைய பேரனைத் தொடுவது வரம்பு மீறல். தண்டனையை நீதிமன்றத்தின் கையில் விடாமல் தானே எடுத்துக்கொள்வதும் வரம்பு மீறல். ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது சூரத்துல் அன்ஆமின் 164ஆவது வசனம் தரும் சட்டம். 1995க்குப் பிறகு பிறந்த ஒரு செர்பியக் குழந்தை ஸ்ரெப்ரெனிட்சாவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. அந்தக் குழந்தை வளர்ந்து, உண்மை தெரிந்த பிறகும் அதை மறுத்தால், அந்தப் பொய்க்கு மட்டும் அது பொறுப்பு.

நம்மவர் செய்த அநீதிக்கும் இதே அளவுகோல்தான். அதே போரில் செலெபிச்சி என்ற முகாமில் செர்பியக் கைதிகள் கொல்லப்பட்டார்கள், சித்திரவதை செய்யப்பட்டார்கள். அதற்காக போஸ்னிய முஸ்லிம் தரப்பைச் சேர்ந்த இருவர் உட்பட மூவரை 1998இல் அதே தீர்ப்பாயம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஸ்ரெப்ரெனிட்சாவின் எண்ணிக்கையைக் காட்டி அந்தக் கைதிகளின் உரிமையை நாம் மறைக்க முடியாது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று சூரத்துல் மாயிதாவின் 8ஆவது வசனம் சொல்வது இதற்காகத்தான்.

தலைமுறை தலைமுறையாக நீளும் பழியை நபி (ஸல்) அவர்கள் எப்படி முடித்தார்கள்? இறுதி ஹஜ்ஜின் உரையில், ஜாஹிலிய்யா காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் ரத்து செய்தார்கள். அதில் முதலாவதாகத் தம் குடும்பத்துக்கு வர வேண்டிய பழியை, ரபீஆ இப்னுல் ஹாரிஸின் மகனுடைய இரத்தத்தை விட்டுக்கொடுத்தார்கள். தியாகத்தைத் தம் வீட்டிலிருந்து தொடங்கினார்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்க வேண்டும்: நீங்கள் விட்டுக்கொடுப்பது உங்களுடையதா, அடுத்தவருடையதா?

நமக்கு அருகிலும் இந்தக் கேள்வி உண்டு

இதைப் படிக்கும் இலங்கைச் சகோதரர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தங்கள் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் குடும்பங்கள் மன்னிப்பதா, நீதி கேட்பதா என்பது அவர்களின் உரிமை. அன்று துப்பாக்கி ஏந்தாத பக்கத்து ஊர்த் தமிழ்ச் சகோதரர் அந்தக் குற்றத்தைச் சுமப்பவர் அல்ல. அதே போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்த் தாய்மார்களும் இருக்கிறார்கள். காணாமல் போனவர்களின் படங்களை ஏந்தி உண்மையைக் கேட்கும் அவர்களிடமும் 'மறந்துவிடுங்கள்' என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

பாதிக்கப்படாத நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, சாட்சியத்தைப் பாதுகாப்பது. நடந்ததை நடந்தபடி நம் பிள்ளைகளுக்குச் சொல்வது, கூட்டாமலும் குறைக்காமலும். 2024 மே மாதம் ஐ.நா. பொதுச் சபை ஜூலை 11ஐ ஸ்ரெப்ரெனிட்சா நினைவு நாளாக அறிவித்தது. அந்த நாளில் வீட்டில் ஐந்து நிமிடமாவது இதைப் பேசுங்கள்.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்பது. அவர் மன்னித்தால் அவருக்காக துஆச் செய்யுங்கள். மன்னிக்கவில்லை என்றாலும் அவருக்காக துஆச் செய்யுங்கள்.

மூன்றாவது, நம் கைகளைப் பார்ப்பது. தன் சகோதரனுக்கு அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்படாத நாள் வருமுன் இன்றே அவரிடம் பொருத்தம் தேடிக்கொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. பெரிய கொலைகாரர்களைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போகும் நாம், சகோதரிக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கை வைத்துக்கொண்டிருந்தால், அவரிடம் போய்ப் பேச வேண்டிய நாள் இன்றுதான்.

பொட்டொச்சாரி நினைவிடத்தில் ஒரு கல்லில் துஆ ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. கொலைகாரர்களை மன்னித்துவிட்டோம் என்று அது சொல்லவில்லை. அவர்களை அழித்துவிடு என்றும் கேட்கவில்லை. பழிவாங்கும் உணர்வை நீதியாக மாற்றித் தரும்படியும், இது இனி எவருக்கும் நேராமல் காக்கும்படியும் அல்லாஹ்விடம் வேண்டுகிறது. எட்டாயிரம் ஆண்களை இழந்த ஒரு சமுதாயம் தன் கப்ருகளுக்கு நடுவே நின்று கேட்கும் துஆ அது.

யா அல்லாஹ்! அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்கு ஷஹீதுகளின் அந்தஸ்தை வழங்குவாயாக! பிள்ளைகளின் எலும்புகளைத் தேடிக் காத்திருக்கும் தாய்மார்களின் உள்ளங்களுக்கு ஆறுதல் தருவாயாக! மன்னிப்பவர்களுக்கு உன்னிடமிருந்து கூலியையும், நீதி கேட்பவர்களுக்கு நீதியையும் தருவாயாக! எங்கள் வெறுப்பு எங்களை அநியாயக்காரர்களாக ஆக்கிவிடாமல் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.